எஸ்.பி.எம்.-க்குப் பிறகு எந்தச் சான்றிதழ்?

மலேசியப் பள்ளிக்கல்வி 6 ஆண்டுத் தொடக்கப்பள்ளி, 5 ஆண்டு இடைநிலைப்பள்ளி என 11 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. 17 வயதில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வு பிரிட்டனின் ஓ லெவலுக்கு இணையானதாகவே கருதப்படுகிறது. அதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உள்நாட்டிலும் பெரும்பாலான வெளிநாடுகளிலும் இளங்கலைப் பட்டப்படிப்பில் நேரடியாகச் சேர முடியாது. பிரிட்டன் ஏ லெவலை எதிர்பார்க்கிறது, இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் 12-ஆம் வகுப்பை எதிர்பார்க்கின்றன. இந்த ஓரிரு ஆண்டு இடைவெளியை நிரப்புவதற்காகத்தான் பள்ளியிலேயே ஆறாம் படிவம் படித்து எழுதும் எஸ்.டி.பி.எம்., கல்வி அமைச்சின் மெட்ரிகுலேஷன், பல்கலைக்கழகங்களே நடத்தும் ஃபவுண்டேஷன், ஏ லெவல், டிப்ளோமா எனப் பல வழிகள் நம் நாட்டில் அருகருகே வளர்ந்து நிற்கின்றன. எல்லாம் பல்கலைக்கழகத்துக்குத்தான் இட்டுச் செல்கின்றன என்று விளம்பரங்கள் சொல்கின்றன. எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்பதை அவை பெரிய எழுத்தில் போடுவதில்லை.

நான் பினாங்கில் ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். எஸ்.பி.எம். முடிவுகள் வெளியாகும் பருவத்தில், கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் நடக்கும் மேற்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சிகளில் ஒரு மேசையில் உட்கார்ந்து பெற்றோருக்கு விளக்கம் சொல்வது ஓய்வுக்குப் பின் எனக்கு வழக்கமாகிவிட்டது. பிறை நகரிலிருந்து மகனை அழைத்துவந்திருந்த ஒரு லாரி ஓட்டுநர், நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "டீச்சர், ஃபவுண்டேஷன் ஒரு வருஷம்தானே? ஃபார்ம் சிக்ஸ் ஒன்றரை வருஷம் இழுக்குமாமே" என்றார். அந்த மேசைக்கு வரும் பெற்றோரில் பெரும்பாலோர் முதலில் கேட்பது இதைத்தான். கட்டணம் இரண்டாவதாக வரும். அந்தச் சான்றிதழை வேறு யார் ஏற்றுக்கொள்வார்கள் என்ற கேள்வி அநேகமாக வருவதே இல்லை.

இந்த அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளியில் படித்து மலாய் மொழியில் போதிய தேர்ச்சி பெறாத பிள்ளைகள் முதலாம் படிவத்துக்குப் போகுமுன் புதுமுக வகுப்பில் ஓராண்டு இருந்தாக வேண்டும் என்பது நீண்ட காலமாக நம் வீடுகளுக்குப் பழகிப்போன நடைமுறை. அந்தப் பிள்ளைகள் எஸ்.பி.எம். எழுதும்போதே வயது 18 ஆகிவிடுகிறது. ஏற்கெனவே ஓராண்டு போய்விட்டது என்ற கணக்கு பெற்றோர் மனத்தில் ஓடிக்கொண்டே இருப்பதால், இன்னும் அரை ஆண்டு கூடுதலாகும் என்று கேட்டவுடன் முகம் சுருங்குகிறது. வீட்டில் ஒருவர் சம்பாத்தியத்தில் நான்கு பேர் சாப்பிடும்போது அரை ஆண்டு என்பது சிறிய விஷயமன்று. ஆனால், அந்த அரை ஆண்டை மிச்சப்படுத்துவதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம். பொருளியல் ஆசிரியைக்கு இந்தப் பழக்கம் விடாது.

எஸ்.டி.பி.எம். தேர்வைப் பற்றி முதலில் சொல்கிறேன். எனக்கு அதன்மேல் பாசம் உண்டு என்பதை வாசகர் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும். பழைய எச்.எஸ்.சி. தேர்வின் வாரிசாக 1982-இல் வந்த இந்தத் தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்துகிறது. 2012 முதல் இது 3 தவணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தவணையின் இறுதியிலும் அந்தத் தவணைக்குரிய தாள்கள் எழுதப்படுகின்றன. அதற்கு முன்பு, இரண்டாண்டுப் பாடம் முழுவதையும் ஒரே தேர்வுக் காலத்தில் கொட்டித் தீர்க்க வேண்டியிருந்தது. காய்ச்சலோ வீட்டில் துக்கமோ வந்தால் எல்லாம் போயிற்று. இப்போது முதல் தவணையில் சறுக்கிய மாணவர் பின்னர் அந்தத் தாளைத் திரும்ப எழுதித் தரத்தை உயர்த்திக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. பள்ளியிலேயே செய்யும் இடுபணிகளுக்கும் மதிப்பெண் சேர்கிறது. பெங்காஜியான் அம் என்னும் பொதுப்பாடம் கட்டாயம். அதனுடன் வேறு மூன்று பாடங்களையாவது சேர்த்து எடுப்பதே வழக்கம். ஏ என்றால் 4.00 புள்ளி, ஏ மைனஸ் என்றால் 3.67 என்று கணக்கிட்டுச் சராசரியாகச் சி.ஜி.பி.ஏ. வழங்கப்படுகிறது.

இந்தத் தேர்வு எளிதன்று என்பதை மாணவர்களிடம் நான் மறைத்ததில்லை. எஸ்.பி.எம்.-இல் வேதியியலில் ஏ பிளஸ் எடுத்த பெண் ஆறாம் படிவத்தின் முதல் தவணைத் தேர்வில் சி வாங்கிக்கொண்டு அழுததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். அந்தக் கடினத்தினாலேயே இதற்கு வெளியே மதிப்பு இருக்கிறது. பிரிட்டன், சிங்கப்பூர், ஆஸ்திரேலியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் இதை ஏ லெவலுக்கு நிகராக வைத்து விண்ணப்பங்களைப் பரிசீலிக்கின்றன. உள்நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களும் தனியார் பல்கலைக்கழகங்களும் ஒருசேர ஏற்கின்றன. அரசாங்கப் பள்ளியிலேயே படிப்பதால் வீட்டுக்கு ஆகும் செலவு தனியார் கல்லூரிக் கட்டணத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தக்கதே அன்று. இத்தனை குறைந்த செலவில் இத்தனை இடங்களில் செல்லுபடியாகும் இன்னொரு சான்றிதழ் இந்நாட்டில் இல்லை என்பது என் துணிபு.

அப்படியிருந்தும் நம் பிள்ளைகள் ஆறாம் படிவத்தைத் தவிர்க்கிறார்கள். அதற்கான காரணங்களில் பாதி பாடத்தைப் பற்றியவையே அல்ல. 18 வயதில் மறுபடியும் பள்ளிச் சீருடை, காலைச் சபைகூடல், முடிவெட்டு விதி. அதே வயது நண்பர்கள் ஜீன்ஸ் அணிந்து கல்லூரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஜார்ஜ்டவுன் பேரங்காடிகளில் திரிகிறார்கள். இது அற்பக் காரணம் என்று பெரியவர்கள் சொல்லிவிடலாம், அந்த வயதில் அது அற்பமாகத் தெரியாது. கல்வி அமைச்சும் இதை உணர்ந்துதான் ஆறாம் படிவத்துக்கென்றே தனிக் கல்லூரிகளையும் மையங்களையும் ஏற்படுத்தி, இடைநிலைப்பள்ளிச் சூழலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முயன்றுவருகிறது. அந்த முயற்சி இன்னும் வேகமாக நடந்திருக்க வேண்டும். ஒரே வளாகத்தில் 13 வயதுப் பிள்ளையோடு வரிசையில் நிற்கவைத்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்குத் தயாராகு என்று ஓர் இளைஞனிடம் சொல்வது பொருந்தாது.

அந்தப் பாதியில் சேராத காரணம் ஒன்றும் உண்டு, அது நியாயமானது. அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களுக்கு விண்ணப்பிக்கும் யு.பி.யு. முறையில், தகுதிப் புள்ளியின் 90 விழுக்காடு தேர்வு அடைவிலிருந்தும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைகளிலிருந்தும் வருகிறது. மெட்ரிகுலேஷன் மாணவரின் 4.00-உம் எஸ்.டி.பி.எம். மாணவரின் 4.00-உம் அங்கே ஒரே 4.00 ஆகவே எண்ணப்படுகின்றன. மெட்ரிகுலேஷனில் பாடம் நடத்துவதும் தேர்வு வைப்பதும் கல்வி அமைச்சின் ஒரே பிரிவு, எஸ்.டி.பி.எம்.-இல் கற்பிப்பவர் வேறு, தேர்வு வைப்பவர் வேறு. இரண்டு வெவ்வேறு அளவுகோல்களால் அளந்த உயரத்தை ஒரே பட்டியலில் எழுதி முதலாமவர், இரண்டாமவர் என்று வரிசைப்படுத்துவது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை. மருத்துவம் போன்ற துறைகளில் 4.00 வாங்கியும் இடம் கிடைக்காத மாணவர்களைப் பற்றிய செய்திகள் தமிழ் நாளிதழ்களில் பல்கலைக்கழக இட ஒதுக்கீட்டுக் காலத்தில் திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மெட்ரிகுலேஷனைப் பற்றி நம் சமூகத்தில் பேச்சு அதிகம், தெளிவு குறைவு. ஓராண்டுத் திட்டத்தில் 2 தவணைகள், இரண்டாண்டுத் திட்டத்தில் 4 தவணைகள். விடுதி உண்டு, அரசாங்க உதவித்தொகை உண்டு. பினாங்கு மாநிலத்துக்கான கல்லூரி கெப்பாளா பாத்தாஸில் இருக்கிறது. இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ரா (மலாய்க்காரரும் பிற பூர்வகுடிகளும்) மாணவர்களுக்கும் 10 விழுக்காடு மற்றவர்களுக்கும் என்ற ஒதுக்கீடு 2000-களின் தொடக்கத்திலிருந்து இருந்துவருகிறது. 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் அந்த விகிதம் மாறவில்லை. 2024-இல், எஸ்.பி.எம்.-இல் 10 ஏ-க்கும் அதற்கு மேலும் பெற்ற மாணவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்பது 2025-இல் பெரும் விவாதமாயிற்று. கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், உள்நாட்டில் அரசாங்கப் பல்கலைக்கழகம்தான் குறி என்றால் இது நல்ல வழி என்றே பெற்றோரிடம் சொல்கிறேன். ஆனால், எஸ்.டி.பி.எம்.-க்கு உள்ள அளவு பரவலான வெளிநாட்டு அங்கீகாரம் இதற்கு இல்லை என்பதையும், இடம் கிடைக்கவில்லை என்றால் பிள்ளையின் வாழ்வே முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. மேல்முறையீட்டுக் கடிதத்துக்காக அரசியல் கட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடக்கும் தகப்பன்மார், அந்த வாரங்களில் ஆறாம் படிவப் பதிவு தொடங்கி முடிந்துவிடுவதைக் கவனிப்பதில்லை.

இனி அந்த லாரி ஓட்டுநர் கேட்ட ஃபவுண்டேஷன். எஸ்.பி.எம்.-இல் 5 கிரெடிட், அதாவது 5 பாடங்களிலாவது சி அல்லது அதற்கு மேல் இருந்தால் தனியார் பல்கலைக்கழகங்களின் ஃபவுண்டேஷன் வகுப்பில் சேரலாம். மருத்துவம் போன்ற துறைகளுக்கான ஃபவுண்டேஷன் இதைவிடக் கூடுதலாகக் கேட்கும். ஓராண்டில் முடிந்துவிடும் என்பதும், அதே பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்புக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடலாம் என்பதும் உண்மையே. கணக்கியலா பொறியியலா என்று முடிவெடுத்துவிட்ட, அதே இடத்தில்தான் பட்டம் படிக்கப்போகிறேன் என்று உறுதியாக இருக்கும், நான்காண்டுக் கட்டணத்துக்கும் வழி தெரிந்த மாணவருக்கு இது பொருத்தமான பாதை. இந்த மூன்றில் ஒன்று ஆடினாலும் சிக்கல் தொடங்குகிறது. ஃபவுண்டேஷன் சான்றிதழ், ஒரே கடையில் மட்டும் செல்லும் பரிசுக் கூப்பனைப் போன்றது. அந்தக் கடையிலேயே வாங்க நினைப்பவருக்குக் குறையொன்றும் இல்லை, மனம் மாறினால்தான் அதன் விலை தெரியும். 2.00 சி.ஜி.பி.ஏ. உள்ள ஃபவுண்டேஷனை இளங்கலைக்குத் தகுதியாக எடுத்துக்கொள்ளலாம் என்று குறைந்தபட்ச விதி இருந்தாலும், வேறொரு நிறுவனத்தின் ஃபவுண்டேஷனை ஏற்பதா வேண்டாமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். எனக்குத் தெரிந்த ஒரு மாணவன், கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஃபவுண்டேஷன் முடித்து, கட்டணம் தாங்காமல் வேறிடம் தேடியபோது, இரண்டு பல்கலைக்கழகங்கள் அவனை முதலிலிருந்து தங்கள் ஃபவுண்டேஷனைப் படிக்கச் சொல்லிவிட்டன. ஓராண்டு மிச்சமாகும் என்று தொடங்கிய பயணம் அது.

ஆகவே, ஃபவுண்டேஷனில் சேருமுன் எழுத்துவழியாகப் பெறவேண்டிய பதில் ஒன்றுண்டு: இந்தச் சான்றிதழை உங்களைத் தவிர வேறு யார் ஏற்கிறார்கள்? சேர்க்கை அலுவலர் வாய்மொழியாக, "எல்லா யூனிவர்சிட்டியும் எடுத்துக்கொள்ளும்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். நீங்கள் மாற நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள். அதோடு, உயர்கல்வித் தகுதிகளை மதிப்பிடும் எம்.கியூ.ஏ. அமைப்பின் இணையப் பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயர் இருப்பது போதாது, குறிப்பிட்ட படிப்பின் பெயரே இருக்க வேண்டும். அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். கல்விக்கடனும் கிடைக்காது, பிற்பாடு அரசாங்க வேலைக்கும் அது உதவாது.

ஏ லெவல், ஐ.பி. என்னும் அனைத்துலகப் பள்ளியிறுதித் தகுதி, ஆஸ்திரேலிய மெட்ரிகுலேஷன், கனடாவின் ஒன்டாரியோ மாநிலப் பள்ளியிறுதிச் சான்றிதழ் ஆகியவை கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் தனியார் கல்லூரிகளிலும் அனைத்துலகப் பள்ளிகளிலும் கிடைக்கின்றன. இவற்றுள் ஏ லெவல் மிகப் பரவலாக ஏற்கப்படுவது, மூன்று பாடங்களில் ஆழமாகப் போவது. ஐ.பி. ஆறு பாடங்களோடு 4,000 சொற்கள் கொண்ட ஆய்வுக் கட்டுரையையும் கேட்பது. உச்சப் புள்ளி 45. ஆஸ்திரேலிய, கனடிய முறைகளில் ஆண்டு முழுவதும் செய்யும் இடுபணிகளுக்குக் கணிசமான மதிப்பெண் உண்டு என்பதால், தேர்வு மண்டபத்தில் கை நடுங்கும் பிள்ளைகளுக்கு அவை ஒத்துவரும். கட்டணம் பல்லாயிரம் ரிங்கிட். பொதுச் சேவைத் துறை உபகாரச் சம்பளமோ குடும்பச் சேமிப்போ இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியது அதிகமில்லை. ஏ லெவல் வகுப்பின் மதிப்பு எஸ்.டி.பி.எம்.-ஐவிட உயர்ந்தது என்ற எண்ணத்தில் மட்டும் வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்பேன்.

நம் சமூகத்தில் அதிகம் பேசப்படாத சான்றிதழ் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளுக்காக டோங் சோங் அமைப்பு 1975 முதல் நடத்திவரும் யு.இ.சி. தேர்வு அது. மத்திய அரசாங்கம் அதை அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுத் தகுதியாக ஏற்கவேண்டுமா என்ற விவாதம் அரைநூற்றாண்டாக முடியவில்லை. ஆனால் உள்நாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களும் சிங்கப்பூர், தைவான் பல்கலைக்கழகங்களும் அதை ஏற்கின்றன. ஒரு சமூகம் தன் மொழியிலேயே பள்ளியிறுதி வரை நடத்தி, அதற்கு உலகத்தின் மறுகோடியில் அங்கீகாரம் தேடிக்கொண்டது. நமக்குத் தமிழ்க்கல்வி ஆறாம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதன்பின் தமிழ் ஒரு தேர்வுப் பாடமாக மட்டும் தொடர்கிறது. அந்தப் பாடத்துக்கும் போராட வேண்டியிருந்தது: எஸ்.பி.எம். பாடங்களின் எண்ணிக்கையை 10-ஆகக் கட்டுப்படுத்தும் முடிவு 2009-இல் வந்தபோது, தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப்போகும் என்று எழுந்த எதிர்ப்பின் பிறகுதான் கூடுதலாக 2 பாடங்களுக்கு இடம் தரப்பட்டது. எஸ்.டி.பி.எம்.-இலும் தமிழ்மொழி ஒரு பாடமாக இருக்கிறது என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளைகள் எஸ்.பி.எம். முடிந்தவுடன் ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். அங்கே ஆயத்தப் படிப்பும் பட்டப்படிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருப்பதால் இந்தக் கட்டுரையின் குழப்பங்கள் எதுவும் அவர்களைத் தொடாது.

கிரெடிட் எண்ணிக்கை 5-ஐ எட்டாத பிள்ளைகளைப் பற்றி வழிகாட்டி மேசைகளில் பேசுவோர் குறைவு. அவர்களுக்கு டிப்ளோமா இருக்கிறது. 3 கிரெடிட் இருந்தால் போதும். பெர்மாத்தாங் பாவிலுள்ள செபராங் பிறை பொலிடெக்னிக்கில் பொறியியல் டிப்ளோமா முடித்துப் பட்டப்படிப்புக்குப் போன மாணவர்கள், எஸ்.டி.பி.எம். வழியாக வந்தவர்களைவிடப் பணிமனையில் கை தேர்ந்தவர்களாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். டிப்ளோமாவில் சி அல்லது அதற்கு மேல் தரம் பெற்ற பாடங்களில் ஒரு பகுதியைப் பட்டப்படிப்பில் கழித்துக்கொள்ளவும் வழியுண்டு. மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம்.-இன் மூன்றாம் நிலையிலிருந்து திறன் டிப்ளோமாவுக்கும், அங்கிருந்து பெர்லிஸ் மாநிலத்திலுள்ள யுனிமேப் போன்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களுக்கும் ஏறிச் செல்லும் பாதையும் திறந்திருக்கிறது. இது சுற்றுவழிதான். ஆனால், நடுவழியில் நின்றுவிட நேர்ந்தாலும் கையில் வேலைக்கு உதவும் ஒரு தகுதி இருக்கும். எஸ்.டி.பி.எம்.-ஐப் பாதியில் விட்டவனிடமும் ஃபவுண்டேஷனைப் பாதியில் விட்டவனிடமும் அப்படி எதுவும் இருக்காது. என் பிரியத்துக்குரிய ஆறாம் படிவத்தின் பெரிய குறை அது.

இவை எல்லாவற்றுக்கும் அப்பால், பள்ளியிறுதிச் சான்றிதழ் என்ற ஒன்றே இல்லாமல் பல்கலைக்கழகத்தில் நுழையும் வழியொன்று இருக்கிறது. அதைத் தேடி வருபவர்கள் 17 வயதுப் பிள்ளைகளல்லர், அவர்களுடைய தாய்மார். ஏப்பல்-ஏ என்று அழைக்கப்படும் இந்த முறை, வேலை அனுபவத்தின் மூலம் பெற்ற அறிவை மதிப்பிட்டு, அதைச் சேர்க்கைத் தகுதியாக ஏற்கிறது. இளங்கலைக்கு விண்ணப்பிப்பவருக்குக் குறைந்தது 21 வயது ஆகியிருக்க வேண்டும், படிக்க விரும்பும் துறையோடு தொடர்புள்ள பணி அனுபவம் இருக்க வேண்டும். டிப்ளோமாவுக்கு வயது வரம்பு 20, முதுகலைக்கு 30. தகுதித் தேர்வு ஒன்றும், அனுபவத்தைத் தொகுத்துக் காட்டும் கோப்பு ஒன்றும் மதிப்பிடப்படுகின்றன. இரண்டிலும் தேறினால் எம்.கியூ.ஏ. முறைப்படி ஒரு சான்றிதழ் கிடைக்கிறது. பினாங்கில் 2006-இல் நிறுவப்பட்ட வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், நாடு முழுவதும் மையங்கள் வைத்திருக்கும் மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வேலை செய்துகொண்டே படிக்கும் பெரியவர்களுக்கென்றே இயங்குபவை.

மகளின் எஸ்.பி.எம். முடிவோடு என் மேசைக்கு வந்த ஒரு பெண்மணி, மகளுக்கு வேண்டியதைக் கேட்டு முடித்தபின் எழுந்து போகாமல் தயங்கி நின்றார். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலையொன்றில் 15 வயதில் பள்ளியை விட்ட தம் வயதுப் பெண்கள் பலரைப்போல் உற்பத்தி வரிசையில் சேர்ந்து, இப்போது மேற்பார்வையாளராக இருப்பவர். "டீச்சர், என்னை மாதிரி ஆளுங்க படிக்க ஏதாவது வழி இருக்கா?" என்றார். இருக்கிறது என்று சொல்லி ஏப்பலை விளக்கினேன். அடுத்த வாரம் அவர் எழுதிக் கொண்டுவந்த அனுபவக் கோப்பில் ஒரே வரி இருந்தது: இன்ன ஆண்டிலிருந்து இன்ன தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

நம் பெண்கள் தங்கள் வேலையை வேலை என்று எழுதுவதில்லை என்பதை அன்று முழுமையாக உணர்ந்தேன். புதிதாக வரும் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பது யார் என்று கேட்டேன். "நான்தான், நேப்பாளத்துப் பிள்ளைகளுக்குக்கூட நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார். பணிமுறை அட்டவணை போடுவது யார், பழுதான பொருள்களின் எண்ணிக்கையைப் பதிவுசெய்து மேலே அனுப்புவது யார், இரண்டு பேருக்குள் சண்டை வந்தால் தீர்ப்பது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோது, எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்தது. அவற்றில் ஒவ்வொன்றும் மனிதவள நிர்வாகப் படிப்பின் ஒரு பாடத்தோடு தொடர்புள்ளது. ஏப்பல் மதிப்பீட்டாளர் தேடுவது இதைத்தான்: என்ன செய்தீர்கள், அதிலிருந்து என்ன கற்றீர்கள், அதற்கு என்ன சான்று. சான்று என்றால் முதலாளியின் கடிதம், பயிற்சிச் சான்றிதழ்கள், தாமே தயாரித்த அட்டவணையின் பிரதி, வேலையிடத்தில் கிடைத்த பாராட்டுக் கடிதம். அவருடைய அலமாரியில் இவை எல்லாமே இருந்தன. பழைய பிஸ்கட் டின்னில், தாலிச் சங்கிலி வாங்கிய ரசீதோடு சேர்த்து வைத்திருந்தார்.

தகுதித் தேர்வுதான் அவருக்குப் பயம் தந்தது; மொழித்திறன், அடிப்படைக் கணிதம், பொது அறிவு போன்றவை கேட்கப்படும். கணிதம் அவருக்குப் பிரச்சினையாக இல்லை, விழுக்காடு கணக்கிடாமல் தொழிற்சாலையில் ஒரு நாள் ஓட்ட முடியாது. ஆங்கிலத்தில் பத்தி எழுதுவதுதான் வரவில்லை. அதற்கு மகள் உதவினாள். தேர்வில் தேறி மனிதவள நிர்வாகத்தில் இளங்கலை சேர்ந்திருக்கிறார், வார இறுதிகளில் படிக்கிறார். அவர் செய்த வேலையிலிருந்து சில பாடங்களையே கழித்துக்கொள்ளும் ஏப்பல்-சி என்ற அடுத்த முறைக்கும் விண்ணப்பிக்கச் சொல்லியிருக்கிறேன்; அதற்கு ஒவ்வொரு பாடத்துக்கும் தனி மதிப்பீடு உண்டு.

ஏப்பலுக்கும் எல்லை உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் மேலே திட்டிய விளம்பரங்களுக்கும் எனக்கும் வேறுபாடு இராது. மருத்துவம் போன்ற துறைகளில் பட்டம் மட்டும் போதாது, தொழில்முறை மன்றத்தில் பதிவு வேண்டும். அந்த மன்றங்கள் நுழைவுத் தகுதிக்குத் தாமே நிபந்தனை விதிக்கின்றன. மருத்துவம் படிக்க எஸ்.டி.பி.எம்.-இல் உயிரியல், வேதியியல் ஆகியவற்றோடு இயற்பியல் அல்லது கணிதத்திலும் குறைந்தது பி தரம் கேட்கிறார்கள் என்றால், 20 ஆண்டு மருந்தகத்தில் வேலை பார்த்த அனுபவம் அதற்கு ஈடாகாது. படித்து முடித்தபின் எந்த மன்றத்தில் பதியவேண்டும் என்பதைச் சேருமுன்பே கண்டுபிடித்து, அந்த மன்றத்தின் நிபந்தனைப் பட்டியலை முதலில் படிக்க வேண்டும். கணக்கியல், பொறியியல், சட்டம் எதுவாயினும் இதுவே முறை. எஸ்.டி.பி.எம். முதல் ஏப்பல் வரை எந்த வழியில் வருபவருக்கும் இது பொருந்தும்.

பிறையிலிருந்து வந்த தகப்பனுக்கும் மகனுக்கும் நான் சொன்னது இவ்வளவு விரிவாக இல்லை. பையனுக்கு 6 கிரெடிட் இருந்தது, ஆனால் மலாய் மொழியில் டி. அந்த ஒரு தரம் இருக்கும்வரை அரசாங்கப் பல்கலைக்கழகம் எதிலும் அவனுக்கு நுழைவு இல்லை, எஸ்.டி.பி.எம். எழுதினாலும் இல்லை. வரலாற்றில் தேர்ச்சி வேண்டும் என்பதும் 2013 முதல் இதே போன்ற விதிதான், அதில் அவன் தேறியிருந்தான். "அப்ப இவன் மறுபடியும் ஃபார்ம் ஃபைவ் படிக்கணுமா டீச்சர்?" என்று தகப்பன் பதறினார். மலாய் மொழித் தாளை மட்டும் மறுதேர்வாக எழுதிக்கொள்ளலாம், முழு எஸ்.பி.எம்.-ஐயும் திரும்ப எழுத வேண்டியதில்லை என்றேன். அந்த முடிவு வரும்வரை பையன் என்ன செய்வது என்றுதான் பிறகு பேசினோம். ஃபவுண்டேஷன் கட்டணத்துக்கென்று அவர் சேமித்திருந்த தொகையைத் தொட வேண்டாம், முதலில் மலாய்த் தாளுக்குக் கட்டணம் கட்டுங்கள் என்று மறுதேர்வுப் பதிவுக்குரிய விவரங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பையன் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, பதிவின் கடைசித் தேதி எப்போது என்று கேட்டான்.